புறாப் பூவின் ஒன்பதாம் நாள்

த. மேனகா. பிறந்தது 1983 ஜூன், வாழவந்தி; இப்போதும் இருப்பது அங்கேதான். படித்தது எட்டாம் வகுப்பு வரை. 2000 முதல் 2016 வரை அந்த ஊர்க் காப்பி எஸ்டேட்டில் தினக்கூலி வேலை. 2016 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, ஏற்காடு ஏரியைத் தாண்டி நாகலூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு தாவரப் பூங்காவில் ஆர்க்கிட் கூடத்தின் பராமரிப்பாளர். கணவர் தனபால் பழைய எஸ்டேட்டிலேயே டிராக்டர் ஓட்டுகிறார். ஒரே மகள் சேலத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு.

ஆர்க்கிட் கூடத்தின் வாசலில் ஒரு மேசை. மேசையின் மேல் பார்வையாளர் பதிவேடு. தேதி, பெயர், ஊர், எத்தனை பேர் என்று நான்கு கட்டங்கள். மேனகா வேலையில் சேர்ந்த நாள் முதல் 2025 ஏப்ரல் 12 வரை பதினொரு பதிவேடுகள் நிரம்பிப் பன்னிரண்டாவது நடந்துகொண்டிருந்தது. ஊர்க் கட்டத்தில் சேலம், ஈரோடு, புதுச்சேரி, பெங்களூரு, கொல்கத்தா எல்லாம் இருந்தன. ஒருமுறை போலந்துகூட வந்து போயிருந்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் வாழவந்தியின் பெயர் ஒரு தடவையும் எழுதப்படவில்லை.

இது மேனகாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பதிவேடு முடிந்து அலமாரிக்குப் போகுமுன் ஊர்க் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வருவது அவள் வழக்கம். அதற்குப் பிறகுதான் புது நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள்.

வாழவந்திக்காரர்கள் வராததற்கு வெறுப்போ வீம்போ காரணம் அல்ல. வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட். ஏழாவது நாள் துணி, விறகு, ரேஷன், சந்தை. அடிவாரத்திலிருந்து ஏறி வரும் சுற்றுலா வண்டிகளை அவர்கள் தினமும் பார்த்தார்கள். அவற்றுக்கு வழிவிட்டுச் சாலையோரம் ஒதுங்கி நிற்பதோடு அந்த ஏரி, பூங்கா, பள்ளத்தாக்கு எல்லாவற்றுடனும் தங்கள் உறவு முடிந்தது என்று இருந்தார்கள். மேனகாவை எட்டு வருடமாகப் பூங்கா வாசலில் அவ்வப்போது இறக்கிவிடும் தனபாலே ஒருநாளும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. "செடிதான பாப்பாங்க? நான் பாக்காத செடியா?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் மேனகாவுக்கு உண்மையாகவே உறுத்தியது கணவனின் சொல் அல்ல, சின்னத்தாயியின் சொல். சின்னத்தாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. எஸ்டேட்டில் பதினாறு வருடம் மேனகாவுக்குப் பக்கத்து வரிசையில் நின்று பழம் பறித்தவள். மேனகா பூங்காவுக்குப் போன அன்றிலிருந்து அவளுக்குச் சின்னத்தாயி வைத்த பெயர் "ஆபீஸ்காரி". காலை ஏழரைக்குத் தொட்டிகளில் நத்தை பொறுக்கி, கரியும் ஓட்டுச் சில்லும் உடைத்துப் போட்டு, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, மாலை வரை நின்றே கழிக்கும் வேலை அது. நேரில் ஒருமுறை பார்த்தால் அந்தப் பெயர் தானாகவே உதிர்ந்துவிடும் என்று மேனகா நம்பினாள். காட்டுவதற்கு ஒரு நாள் மட்டும் அமையாமலே போனது.

அந்த நாளைத்தான் 2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை பெய்த மழை கொண்டுவந்தது.

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். அதுவரை மலையே அடுப்பு மேல் வைத்த வாணலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்துச் சுவரில் தொங்கிய வெப்பமானியில் முப்பத்தொன்று. மழை விழுந்த அரை மணி நேரத்தில் அது இருபத்தொன்றுக்கு இறங்கியது. பூங்காவின் ஆய்வு உதவியாளர் சுதாராணி குடையும் இல்லாமல் ஓடிவந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். ஆத்தூர்ப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அக்கா, புறாப் பூவுக்கு இதுதான் வேணும். இப்படித் திடீர்னு குளிர்ந்தா ஒம்பதாவது நாள் எல்லாக் கொத்தும் ஒண்ணா வெடிக்கும். ஒரே நாள்தான். சாயங்காலம் சுருங்கிடும்."

"நெசமாவுங்களா மேடம்?"

"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. நாமளும் பாத்துடுவோம்."

புறாப் பூ என்பது அங்கு வேலை செய்பவர்கள் வைத்த பெயர். இறகு விரித்த வெள்ளைப் புறாவின் வடிவில் பூக்கும் ஒருவகை ஆர்க்கிட் அது. 2021இல் வேறொரு தோட்டத்திலிருந்து மூன்று கொத்துகளாக வந்து, சவுக்குக் கட்டைகளில் தேங்காய் நாரால் கட்டப்பட்டு வளர்ந்தது. 2023இல் பூத்தபோது மேனகா விடுப்பில் இருந்தாள். 2024இல் ஒரு புதன்கிழமை, ஒரே ஒருமுறை, பார்த்தாள். அந்த வருடம் மழைக்கும் பூவுக்கும் இடையே நாட்களை எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த முறை அவள் எண்ணினாள். அன்றிரவே தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டாள். எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குப் பூச்சாட்டிய நாளே முதல் நாள். அங்கிருந்துதான் கம்பம் நடுவதும் பொங்கல் வைப்பதும் எத்தனையாம் நாள் என்று ஊர் கணக்கிடும். அவளுக்குப் பழகிய எண்ணிக்கை அதுதான். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு இரண்டு என்று விரல் மடக்கி வந்தாள். ஒன்பதாம் விரல் ஏப்ரல் 13இல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை! வாழவந்திப் பெண்களின் ஒரே ஓய்வு நாள். அந்தத் தேதியை அவள் சிவப்பு மையால் இரண்டு முறை வட்டமிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை குழாயடியில் பேச்சை எடுத்தாள்.

"என்னடி ஆபீஸ்காரி, செடிக்கெல்லாம் சோறூட்டி முடிச்சிட்டியா?" என்று சின்னத்தாயிதான் தொடங்கினாள்.

"அக்கா, இந்த ஞாயித்துக்கெழம உங்களுக்கு என்ன வேலைங்க?"

"துணி தொவைக்கோணும், வெறகு ஒடைக்கோணும், உங்கண்ணன நாலு வார்த்த வையோணும். ஏன்?"

"எல்லாத்தையும் சனிக்கெழமயே முடிச்சுப்போடுங்க. அண்ணனையும் சேத்து. ஞாயித்துக்கெழம எங்க தோட்டத்துக்கு வாங்க. புறாப் பூ பூக்கப்போவுது. ஒரே நாளுதான் இருக்கும்."

"பூவப் பாக்கறதுக்கு மெனக்கெட்டு வரோணுமா? காப்பிப் பூவுக்குள்ளயே பொறந்து வளந்தவளுக கண்ணு நாமெல்லாம்."

"இது புறா மாதிரியே ரெக்கைய விரிச்சிட்டு நிக்குமுங்க்கா."

"நாங்க வர்றதுக்குள்ள பறந்துபோயிருச்சுன்னா?"

குடங்களோடு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேனகாவும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. "ஒருக்கா வாங்க. பூக்கலீன்னா அப்பறம் ஆயுசுக்கும் என்னைய ஆபீஸ்காரின்னே கூப்புடுங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"இந்தாங்கடி, எல்லாரும் கேட்டுக்கங்க!" என்றாள் சின்னத்தாயி. அவர்களில் மூத்தவளான முத்தாயி, "எனக்கு ஒரு எடம் போட்டுரு சாமி. லேடீஸ் சீட்டு லேடீஸ் சீட்டுன்னு வண்டிக்காரனுக கத்தறானுக. இத்தன வருசத்துல அந்த மலமொன எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது" என்றாள். முத்தாயி வருகிறாள் என்றதும் வரிசையாகக் கைகள் உயர்ந்தன. ஒன்பது பேர்.

வேன் கோபியுடையது. கோபி மேனகாவின் சித்தி மகன். சேலத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்குபவன். ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்கு அறுவடை நாள். அப்படியும், "மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வண்டி உன்னுதுக்கா" என்று சொல்லிவிட்டான்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே மேனகா பூங்காவுக்கு வந்துவிட்டாள். கூடத்தின் பூட்டைத் திறந்து நேராகச் சவுக்குக் கட்டைகளிடம் போனாள். கொத்து கொத்தாக மொட்டுகள். எல்லாம் மூடியிருந்தன. மணி ஏழு ஐந்து. வெயில் ஏறினால் விரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏழரைக்குப் பார்த்தாள், எட்டுக்குப் பார்த்தாள். எட்டேகாலுக்கு நத்தை பொறுக்குகிற சாக்கில் கட்டைக்குக் கீழேயே குந்திக்கொண்டாள். ஒரு மொட்டும் வாய் திறக்கவில்லை. சுதாராணி ஊருக்குப் போயிருந்தாள். போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்டு, "இந்த வருசம் பூக்காது போலக்கா" என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் போனைப் பைக்குள்ளேயே வைத்தாள்.

ஒன்பது மணிவாக்கில் ஏரிக்கரையில் கோபி தன் வழக்கமான சுற்றுலாக் குரலில் கூவிக்கொண்டிருந்தானாம்: "எடது பக்கம் பாத்தீங்கன்னா ஏற்காடு ஏரிங்க. எறங்கி போட்டோ புடிக்க அஞ்சு நிமிசமுங்க!"

"அடே கோபி, இந்த ஏரியோரத்துல முப்பது வருசமா நான் பஸ்ஸுக்கு நிக்கறேன். எனக்கே காட்டறியா?" என்றிருக்கிறாள் சின்னத்தாயி.

"நின்னீங்க பெரீம்மா. பாத்தீங்களா?"

அவள் இறங்கி ஐந்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் பார்த்திருக்கிறாள். ஒன்பது பேரும் பூங்காவுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை. எல்லோரும் பொங்கலுக்கு எடுத்த புடவையில் இருந்தார்கள். மேனகா கூடத்து வாசலில் நின்றாள். கையில் பதிவேடும் பேனாவும் இருந்தன. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"எங்கடி புறா? கூட்டுக்குள்ள இன்னும் தூங்குதா?"

"பூக்கலைங்க்கா" என்றாள் மேனகா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "நான் சரியாத்தான் எண்ணுனேன். என்னமோ பூக்கல. உங்களயெல்லாம் வீணா அலைய வெச்சுட்டேன்."

யாரும் உடனே சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிடக் கடுமையாக இருந்தது. மேனகா பேனாவை நீட்டினாள். "வந்தது வந்துட்டீங்க. பேர மட்டுமாச்சும் எழுதிட்டுப் போங்க."

"பூவப் பாக்காம கையெழுத்தா? எங்க எஸ்டேட் ரைட்டரு வேலைக்கு வராதவளுக்கு வருகை போட்ட மாதிரியா? நான் எழுதமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களும் பேனாவை வாங்காமல் பின்தொடர, சின்னத்தாயி உள்ளே போனாள். தொடக்கூடாது என்ற பலகையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். சவுக்குக் கட்டையருகே குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"இங்க வாடி. இது மழ பேஞ்சு எத்தனாம் நாளு பூக்கும்னாங்க?"

"ஒம்பதாம் நாள் பூக்குமாமுங்க. போன வாரம் சனிக்கெழம பேஞ்சதே, அதுலயிருந்து."

"எப்புடி எண்ணுன?"

மேனகா விரல் மடக்கிக் காட்டினாள். சனி ஒன்று, ஞாயிறு இரண்டு...

சின்னத்தாயி பெரிய குரலில் சிரித்தாள். கூடத்தின் மறுகோடியில் இருந்த பெங்களூர்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. "ஏண்டி, மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டற மாதிரியா எண்ணுவ? பூ மழ பேஞ்சா நம்ம ரைட்டரு எப்ப இருந்து எண்ணுவாரு? மறுநாளயில்ல ஒண்ணுன்னு வெப்பாரு? பதினாறு வருசம் எம்பக்கத்துல நின்னவ, மறந்துட்டியே!"

மேனகாவுக்கு நினைவு வந்தது. கோடையில் முதலில் விழும் மழையைத்தான் எஸ்டேட்டில் பூ மழை என்பார்கள். அது விழுந்த மறுநாளிலிருந்து எண்ணினால் ஒன்பதோ பத்தோ நாளில் காப்பிக் காடு முழுக்க வெள்ளையாகும். அந்த ஒரு வாரம் செடிகளுக்கிடையே யாரும் புடவை உரசாமல் நடப்பார்கள். அவளும் அப்படித்தான் நடந்திருக்கிறாள்.

"அதுமட்டுமில்ல, இந்த மொட்டப் பாரு" என்றாள் சின்னத்தாயி. தாழ்ந்த, வேலை நேரத்துக் குரல். "அடியில பச்சை போயி, மெழுகுவத்தி கணக்கா வெள்ள கட்டியிருக்குது பாத்தியா? எங்க காட்டுலயும் இன்னிக்குக் காத்தால இதே வெள்ளதான். ரெண்டும் ஒரே மழையில நனஞ்சது. நாளைக்கு வெடிக்கும். இது வெடிக்கலீன்னா எம்பேரு சின்னத்தாயி இல்ல."

அதன் பிறகு அந்த நாள் வேறு நாளாகிவிட்டது. பூ இல்லாத கூடத்தை மேனகா அவர்களுக்குத் தொட்டி தொட்டியாகக் காட்டினாள். பூச்சியைத் தின்னும் குடுவைச் செடியின் முன்னால் முத்தாயி நின்று, "மூடி போட்ட சொம்பு மாதிரி இருக்குதே! உள்ளுக்குள்ள ஈ எறும்பெல்லாம் வுழுந்துருமா?" என்று கேட்டாள். "வுழுந்தா மேல வரமுடியாதுங்க" என்றாள் மேனகா. "எம்மருமவ ஊட்டு வாசல்ல ஒண்ணு வெக்கோணும்" என்று முத்தாயி சொன்னதும் மறுபடியும் பெங்களூர்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. இந்த முறை அவர்களும் சிரித்தார்கள். தொட்டிகளில் போட்டிருந்த கரியைக் கண்டு, யார் இதையெல்லாம் உடைப்பது என்று ஒருத்தி கேட்டாள். "நான்தான்" என்று மேனகா உள்ளங்கையை விரித்தாள். சின்னத்தாயி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் கரியும் காய்ப்பும் இருந்தன.

புல்வெளியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் மேனகாவும் உடன்வர, லேடீஸ் சீட்டுக்கும் போனார்கள். கீழே சேலம் பரந்து கிடப்பதைப் பார்த்த முத்தாயி, "இதுக்கா இத்தன கத்து கத்தறானுக? நம்மூருப் பாறை மேல நின்னாலும்தான் தெரியுது" என்றாள். ஆனாலும் கடைசியாக வேனில் ஏறியவள் அவள்தான். கோபி ஒரு மணிக்கு மேல் இருபது நிமிடம் கூடவே கொடுத்தான். கிளம்பும்போது மேனகா கேட்டாள்: "அக்கா, நாளைக்கு?"

"நாளைக்குச் சித்திரை ஒண்ணு. எஸ்டேட் லீவுதான். ஆனா ஊட்டுல சாமி கும்புடோணும், வட சுடோணும். வேனும் இல்ல. பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் வாழவந்தியில் பெரும்பாலும் இல்லை என்றே பொருள்.

திங்கட்கிழமை, ஏப்ரல் 14. காலை ஆறு ஐம்பது. பூட்டைத் திறக்குமுன்பே கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. மேனகா உள்ளே போய் நின்றாள். மூன்று கட்டைகளிலும் வெள்ளைப் புறாக்கள் மொய்த்திருந்தன. ஒவ்வொன்றும் இறகை விரித்து, கழுத்தை முன்னே நீட்டி, அப்போதுதான் வந்து இறங்கியதுபோல. காற்று அசைந்தால் எல்லாம் ஒன்றாக அசைந்தன. புதுவருடத்தில் கண் விழித்ததும் பழமும் பூவும் பார்ப்பார்கள். அவள் விடியற்காலையில் பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதைத் தவறவிட்டிருந்தாள். இப்போது பார்த்தாள்.

சின்னத்தாயிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. சுதாராணி மட்டும் ஆத்தூரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "எண்ணி எழுதி வைங்கக்கா, ஒரு பூவும் விடாம!" என்றாள். மேனகா கட்டைக்குக் கட்டை எண்ணினாள். முதல் கட்டையில் நூற்றிரண்டு, இரண்டாவதில் எண்பத்தொன்பது, மூன்றாவதில் தொண்ணூற்றைந்து.

விடுமுறை நாள் கூட்டம் பதினொரு மணிக்கெல்லாம் வரிசை கட்டியது. செல்போனை உயர்த்தியபடி வந்தார்கள், வியந்தார்கள், போனார்கள். சேலம், ஓசூர், திருப்பூர் என்று ஊர்க் கட்டம் நிரம்பியது. பன்னிரண்டு மணி பஸ் வந்துபோகும் நேரம் கடந்தது. மேனகா வாசலைப் பார்ப்பதை நிறுத்த முயன்றாள். ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. கிழக்கோரக் கட்டையில் சில புறாக்கள் இறகு நுனியை லேசாக மடக்கத் தொடங்கியிருந்தன. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே அவள் தண்ணீர்த் தெளிப்பானை எடுத்துக்கொண்டு, வேண்டாத தொட்டிகளுக்கெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாற்பதுக்கு வரிசையின் வால்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நவுருங்க சாமி, நவுருங்க! எங்க புள்ள ஊட்டு விசேசம், கொஞ்சம் வழி வுடுங்க!"

சின்னத்தாயி கையில் தட்டு ஏந்தி வந்தாள். தட்டு நிறையக் காப்பிப் பூ. அன்று காலை காடு முழுக்க வெடித்ததில் ஓரச் செடிகளில் பறித்தது. அவளுக்குப் பின்னால் முத்தாயி, ஞாயிற்றுக்கிழமை வந்த மற்றவர்கள், வராத சிலர், சிலருடைய வீட்டுக்காரர்கள். பஸ்ஸில் நின்றபடியே வந்து, ஏரியிலிருந்து வெயிலில் நடந்திருந்தார்கள். கடைசியில், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, தனபால்.

"போன எடுக்கமாட்டீங்களாக்கா?" என்றாள் மேனகா.

"கோயில்ல இருந்தேன். எடுத்தா என்ன சொல்லப்போற? பூத்துருச்சும்ப. அது எனக்கு நேத்தே தெரியுமே! இந்தா, பொண்ணு ஊட்டுக்கு வெறுங்கையோட வருவாங்களா?" தட்டை மேசைமேல் வைத்தாள். மல்லிகை போன்ற அதன் மணமும் கூடத்துக்குள்ளிருந்து வந்த மணமும் வாசலில் கலந்தன.

உள்ளே போனதும் சின்னத்தாயியின் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.  அவள் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு மெல்ல நகர்ந்தாள். "புறாவேதாண்டி" என்றாள் கடைசியில். "மூக்குகூட இருக்குது."

தனபால் வெகுநேரம் ஒரே பூவின் முன் நின்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "இத்தனையும் நீயா பாத்துக்கற?" என்று கேட்டார். "பின்ன நீங்களா?" என்றாள் மேனகா.

வெளியே வரும்போது சின்னத்தாயி மேசையருகே நின்று கையை நீட்டினாள். "எங்கடி மேனகா அந்தப் பேனா?"

நாற்காலியில் உட்கார்ந்தே எழுத வேண்டும் என்றாள். மேனகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பின்னால் நின்றவர்களை முத்தாயி தலை தலையாகத் தொட்டு எண்ணிச் சொன்னாள். சின்னத்தாயி நான்கு கட்டங்களையும் நிதானமாக நிரப்பினாள்.

14.04.2025. சின்னத்தாயி. வாழவந்தி. 23.